டன் கணக்கில் கூலி வாங்குபவரும் தொழிலாளிதான்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் பர்கூர் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரருக்கு 35 வயது. நான்கு வருடமாக ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் லோடுமேன் வேலை செய்கிறார். ஆறு பேர் ஒரு செட்டு. மேஸ்திரிதான் கூப்பிடுவார், டன்னுக்கு இவ்வளவு என்று கூலியைப் பிரித்துக் கொடுப்பார். மாதம் 18,000 வரை வரும். போன மாதம் மழை நாளில் 50 கிலோ மூட்டையோடு லாரியிலிருந்து பலகையில் இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். முதுகில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். இடது கால் மரத்துப் போகிறது. கான்ட்ராக்டர் 5,000 ரூபாய் கொடுத்தார். மேலே கேட்டால், "நீ கம்பெனி ஆளே இல்லை, டன் கணக்குக்கு வந்தவன், உனக்கு இ.எஸ்.ஐ. எல்லாம் கிடையாது" என்கிறார். இப்போது ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் 15,000 தருகிறோம் என்று மேஸ்திரி வந்து நிற்கிறார். கேஸ் என்று போனால் செட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேலை போய்விடும் என்கிறார். அந்தச் செட்டில் என் தம்பியும் இருக்கிறான். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பேப்பரில் உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டாம். மேஸ்திரி தெரிந்தவராக இருக்கலாம், உறவாகக்கூட இருக்கலாம். "டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் அண்ணா" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். சண்டை வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது சட்டப்படி செல்லாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இதுதான் விதி. பிறகு ஏன் கையெழுத்துக் கேட்கிறார்கள்? அந்தப் பேப்பரில் பெரும்பாலும் வேறு ஏதாவது எழுதியிருக்கும். "வீட்டில் விழுந்தேன்" என்றோ, "அன்று வேலைக்கு வரவில்லை" என்றோ, "குடித்திருந்தேன்" என்றோ இருக்கும். உரிமையை எழுதி வாங்க முடியாது. ஆனால் நடந்ததை மாற்றி எழுதி வாங்கிவிட்டால், அதைப் பொய் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால் இன்னும் மோசம்.

ஏற்கெனவே வாங்கிய 5,000 ரூபாயைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வைத்தியச் செலவுக்கென்று முதலாளி தரப்பில் கொடுத்த பணத்தை இழப்பீட்டில் கழித்துக்கொள்ள முடியாது. அது மருந்துக்குக் கொடுத்தது என்பதை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

இனி கான்ட்ராக்டர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். "கம்பெனி ஆள் இல்லை, டன் கணக்கு ஆள்." கிருஷ்ணகிரி, ஓசூர், சூளகிரி, பர்கூர் என்று சிப்காட் இருக்கிற இடங்களில் எல்லாம் லோடுமேன்கள் கேட்கிற வசனம் இது. இதைச் சொன்னதும் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூலியை நாளுக்கு வாங்கினாலும், மாதத்துக்கு வாங்கினாலும், டன்னுக்கு வாங்கினாலும் தொழிலாளி தொழிலாளிதான். தொழிற்சாலை வளாகத்துக்குள், அந்தத் தொழிற்சாலையின் சரக்கை, கான்ட்ராக்டர் மூலமாக வந்து ஏற்றி இறக்குபவர் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் பாதுகாப்புக்குள் வருகிறார். சினிமா தியேட்டரின் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்கள்கூட இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள் என்று 1978லேயே ராயல் டாக்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1996இல் ராஜ்கமல் டிரான்ஸ்போர்ட் வழக்கில் இன்னும் நேராகவே வந்தது. லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய சுமைத் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. சட்டப்படி தொழிலாளர்கள்தான் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீவனம் தயாரிக்கிற கம்பெனிக்கு மூட்டையை லாரியில் ஏற்றுவதும் இறக்குவதும் அன்றாட வேலை. அதைச் செய்கிறவர் வெளியாள் ஆக முடியாது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, மாதக் கூலி 21,000 ரூபாய்க்குள், இந்த இரண்டும் இருந்தால் இ.எஸ்.ஐ. பதிவு கட்டாயம். கூலியில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் கட்ட வேண்டும். பிறகு அவர்கள் தங்களுக்குள் பிடித்துக்கொள்ளட்டும். முக்கியமான விஷயம், இத்தனை நாள் பணம் கட்டவில்லை என்பதால் உங்கள் வீட்டுக்காரரின் உரிமை போய்விடாது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. கட்டத் தவறியவர்களிடமிருந்து இ.எஸ்.ஐ. கழகம் வசூல் செய்துகொள்ளும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. இ.எஸ்.ஐ.யும் விபத்து இழப்பீடும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கின்றன. பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் இங்கே சொல்கிற அடிப்படை விதிகள் அதிலும் தொடர்கின்றன. "புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி எதுவும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும்? சாதாரண நோய் என்று பதிவானால் கூலியில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முன்கூட்டியே இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வேலைக் காயம் என்று பதிவானால் 90 சதவீதம், குணமாகி வேலைக்குப் போகும் வரை. அந்த நிபந்தனையும் இல்லை. மாதம் 18,000 கூலி என்றால் ஒரு நாளைக்கு 540 ரூபாய் பக்கம் வரும். நிரந்தரமாக முதுகில் குறை நின்றுவிட்டால், மருத்துவக் குழு சதவீதம் நிர்ணயித்த பிறகு ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும். இதனால்தான் "முதுகு வலி" என்று எழுதுவதற்கும் "வேலை செய்யும்போது மூட்டையோடு விழுந்ததால் முதுகில் காயம்" என்று எழுதுவதற்கும் வாழ்நாள் வித்தியாசம் இருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

அதனால் முதல் வேலையாக டாக்டரிடம் போங்கள். எங்கே, எந்தத் தேதியில், என்ன தூக்கிக்கொண்டிருந்தபோது, எப்படி விழுந்தார் என்பதை டாக்டர் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. விபத்து அன்று கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ போயிருந்தால் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு இருக்கும். அதன் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் அங்கேயும் சேர்த்த அன்று எழுதிய குறிப்பு இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். பிறகு கம்பெனி தரப்பு வக்கீல், "டிஸ்க் தேய்வது வயதானால் எல்லோருக்கும் வருவதுதான்" என்று வாதாடுவார். அதற்குப் பதில் சொல்வது, விழுந்த அன்று எழுதிய அந்தச் சீட்டுதான்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் இந்த வழக்குகளில் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால் மரத்துப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காலும் பலவீனமானாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அது கேஸை விட அவசரம்.

அடுத்தது, அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஐ.டி. கார்டு இல்லை என்று பயப்படாதீர்கள். லோடுமேன்களில் யாரிடம்தான் அதெல்லாம் இருக்கிறது? மேஸ்திரி ஜிபேயில் கூலி போட்டிருப்பார். அந்தப் பதிவுகளை வங்கிக் கணக்கு விவரத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். "நாளைக்குக் காலை 6 மணிக்கு ரெண்டு லோடு இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கும். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி எழுதும் ரிஜிஸ்டரில் உள்ளே போன நேரம் இருக்கும். அன்றைய லாரியின் எண், எடை மேடைச் சீட்டு, டிரைவர் யார் என்று உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்கும். டிரைவரும் ஒரு சாட்சிதான், அவருக்குக் கம்பெனிப் பயமும் குறைவு. சிசிடிவி காட்சிகள் கொஞ்ச நாளில் தானாகவே அழிந்துவிடும். அதனால் விபத்துத் தேதியைக் குறிப்பிட்டு, "அன்றைய காட்சிப் பதிவையும் கேட் ரிஜிஸ்டரையும் பாதுகாத்து வையுங்கள்" என்று கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் டெலிவரி ஆனதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் இந்த வாரமே அனுப்புங்கள். அதே கடிதத்தில் விபத்து நடந்த விவரத்தையும் நாலு வரியில் எழுதிவிடுங்கள். கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம்.

அதன் பிறகு உங்கள் பகுதிக்கான இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நான்கு வருடமாகப் பதிவு செய்யவில்லை, இன்ன தேதியில் வளாகத்துக்குள் விபத்து, முதலாளி விபத்து அறிக்கை அனுப்பவில்லை என்று எழுதுங்கள். இங்கே ஒரு தந்திரம் நடக்கும், கவனமாக இருங்கள். புகார் போகிறது என்று தெரிந்ததும் அவசரமாக இ.எஸ்.ஐ. நம்பர் ஒன்று போட்டுக் கொடுப்பார்கள். அதில் வேலைக்குச் சேர்ந்த தேதி விபத்துக்குப் பிறகு இருக்கும். நம்பர் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டு வாங்கி வந்துவிடாமல், தேதியைப் பார்த்து, தவறு என்றால் அன்றே எழுதிக் கொடுங்கள். பதிவு சரியானதும் ஓசூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே வைத்தியத்தைத் தொடரலாம்.

கம்பெனி இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரவில்லை என்று ஒருவேளை முடிவானால், விபத்து இழப்பீட்டு வழி இருக்கிறது. இரண்டிலும் சேர்த்து வாங்க முடியாது, இ.எஸ்.ஐ. உண்டு என்றால் இது கிடையாது. ஆனாலும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 15,000 எவ்வளவு சிறிய தொகை என்பது அப்போதுதான் புரியும். மாதக் கூலி எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. வயது 35க்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள காரணி 197.06. இரண்டையும் பெருக்கினால் 17,73,540 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் 5,32,062 ரூபாய். வைத்தியத்துக்கு ஆன உண்மையான செலவு தனி, அதற்கு பில்கள் வேண்டும். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். கான்ட்ராக்டர் கையை விரித்தால் கம்பெனியிடமே கேட்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.

உடலில் 30 சதவீதக் குறை என்பதும், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்பதும் ஒன்றல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு முதுகில் வந்த குறையும், மூட்டை சுமப்பவருக்கு வந்த அதே குறையும் பிழைப்பை ஒரே மாதிரி பாதிப்பதில்லை. இனி 50 கிலோ தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னால், அவருக்குத் தெரிந்த தொழிலே போய்விட்டது. இதை உங்கள் வக்கீல் அழுத்திச் சொல்ல வேண்டும்.

"குடித்திருந்தான்" என்ற பேச்சு வரும் என்று மேலே சொன்னேன். மது போதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்று காட்டினால் முதலாளி தப்பிக்க வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அவர்கள். காலையில் வேலைக்குப் போய் மழையில் நனைந்த பலகையில் வழுக்கியவரைப் பற்றி அப்படிச் சொன்னால், மருத்துவமனைக் குறிப்பில் அப்படி ஏதும் இல்லை என்பதே போதுமான பதில்.

இந்த விபத்து ஏன் நடந்தது என்பதையும் பேசியாக வேண்டும். ஒரு லாரியில் 16 டன் தீவனம் என்றால் 50 கிலோ மூட்டை 320. ஆறு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 53 மூட்டைக்கு மேல். ஒரு லாரிக்கே ஒருவர் முதுகில் இரண்டரை டன்னுக்கும் மேல் ஏறி இறங்குகிறது. டன் கணக்கில் கூலி என்பதால் சீக்கிரம் முடித்து அடுத்த லாரியைப் பிடிக்க வேண்டும். மழை என்றாலும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் செட்டுக்கே கூலி போகும். ஆக அவசரம் தொழிலாளியின் பேராசையால் வந்ததல்ல, கூலி முறையே அதைக் கொண்டு வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட கையால் தூக்குவதற்கு 23 கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறது. நம் ஊரில் சிமென்ட் 50, தீவனம் 50. யூரியா மூட்டை மட்டும் 2018இல் 45 கிலோவாகக் குறைந்தது, அதுவும் உரப் பயன்பாட்டைக் குறைக்கத்தான், லோடுமேனின் முதுகுக்காக அல்ல.

நம் மாவட்டத்து மாங்கூழ் தொழிற்சாலைகளில் கூழ் நிரப்பிய டிரம் ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல். அதை மனிதன் தூக்க முடியாது என்பதால் ஃபோர்க்லிஃப்ட் வந்தது. 50 கிலோ மூட்டையை மனிதன் எப்படியும் தூக்கிவிடுவான் என்பதால் அங்கே எதுவும் வரவில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான். லாரித் தட்டின் உயரத்துக்குச் சமமாக ஒரு பிளாட்பாரம், கையால் தள்ளும் டிராலி, பலகையின் குறுக்கே கால் வழுக்காமல் அடித்த ரீப்பர் கட்டைகள், ஏற்றி இறக்கும் இடத்துக்கு மேல் ஒரு தகரக் கூரை. இவற்றில் எதுவும் பெரிய செலவு இல்லை. ஒரு கம்பெனியின் மெஷினுக்குச் செய்கிற பராமரிப்பில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பழகிய ஆறு பேரை ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் புது ஆட்களை வைத்தால் லோடு இறங்குவது தடுமாறும், கம்பெனிக்கும் அது நஷ்டம்தான். ஆனாலும் மிரட்டுவார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்துப் பேசினால் அவரை ஒதுக்கிவிடுவது சுலபம். அதனால் செட்டில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து, விபத்துக்குச் சாட்சி என்று இல்லாவிட்டாலும், "எங்களுக்கும் இ.எஸ்.ஐ. பதிவு வேண்டும், பலகையை மாற்றித் தர வேண்டும்" என்று ஒரே மனுவாகக் கிருஷ்ணகிரியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கட்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வேலையை நிறுத்தினால், புகார் கொடுத்ததற்காகப் பழி வாங்கினார்கள் என்று காட்ட அந்தத் தேதியே உதவும். ஓசூர் பக்கம் தொழிற்சங்கங்கள் நிறைய இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கம் எது என்று விசாரித்து அங்கேயும் பேசட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மார்க்கெட், மண்டி, சிறு கிடங்கு என்று இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் இல்லாத இடங்களில் சுமை தூக்குகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டப்படி சுமைத் தொழிலாளியின் கூலியே வாரியத்தில் கட்டப்பட்டு, வாரியத்தின் வழியாகத்தான் அவர் கைக்கு வருகிறது. அதனால் அங்கே "இவர் யாருடைய ஆள்" என்ற கேள்விக்கு ஏட்டிலேயே பதில் இருக்கும். இங்கும் அப்படி வர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஜிபே விவரம், ஸ்பீட் போஸ்ட் ரசீது, விபத்து நடந்த தேதி, லாரி எண், அன்று கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அவரால் பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாவிட்டால் நீங்கள் மட்டும் போனாலும் போதும், முதல் நாள் மனுவை நீங்களே கொடுக்கலாம்.